கண்ணாடியில் வரைந்த வல்லூறு

பஞ்சுருட்டான் ஒன்று ஜன்னலில் வந்து மோதிய சத்தத்தில் வசீலாவின் கையிலிருந்த தேநீரில் பாதி மடியில் கொட்டியது. அவள் மடியைத் துடைக்கவில்லை. எழுந்து மாடிப்படியில் தடதடவென்று இறங்கி ஓடினாள். சுவரோரம் பச்சையும் மஞ்சளுமாகக் கிடந்த அந்தப் பறவையைக் கையில் எடுத்தபோது உடம்பில் சூடு இருந்தது, உயிர் இல்லை. அந்த ஏப்ரலில் அது பன்னிரண்டாவது. வழக்கம்போல அத்திமரத்தடியில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு நிமிர்ந்தால், அவள் புருஷன் லம்ஜத் இடது கையில் வல்லூறோடு வாசலில் நின்றிருந்தான்.

"முந்திர் கொத்தனார் வர்ற வெள்ளிக்கிழமை, தொழுகை முடிஞ்சதும் வர்றாரு," என்றான். "செங்கல் நாளைக்கே வந்து இறங்கிடும். ஜன்னலை அடைச்சிடுவோம்."

வசீலா கைமண்ணைத் தட்டிக்கொண்டாள். அன்று சனிக்கிழமை. கையில் ஆறு நாள் இருந்தது.

அந்த ஜன்னல் அவளுக்கு எப்படிப்பட்டது என்பது லம்ஜத்துக்குத் தெரியாததல்ல. பன்னிரண்டு வருஷம் அவள் மீன் ஆலையின் குளிர் அறையில் வேலை பார்த்தவள். ஜன்னல் என்ற பேச்சே இல்லாத அறை. காலையில் உள்ளே போனால் வெளியே மழையா வெயிலா என்பது சாயங்காலம்தான் தெரியும். ஒருநாள் எனக்கென்று ஒரு ஜன்னல் வைப்பேன், கதவை விடப் பெரிதாக, கடலைப் பார்த்து வைப்பேன் என்று அவள் அங்கே சூரை மீனை அறுத்துக்கொண்டே தனக்குள் சொல்லிக்கொண்டது போன வருஷம்தான் நடந்தது. மாடியில் ஓர் அறை எழுப்பினார்கள். கண்ணாடியை அவள் தம்பி சிசிலியிலிருந்து கப்பலில் ஏற்றி, வேனில் மெத்தைகளுக்கு நடுவே வைத்துப் பிள்ளையைப்போலக் கொண்டுவந்து இறக்கினான். ஒரே பலகை, ஒரு கீறல் கிடையாது. குளிர்காலம் முழுவதும் அவள் அதன் முன்னால் உட்கார்ந்து கடலைப் பார்த்தாள். சும்மாதான் பார்த்தாள். அதைவிடப் பெரிய சுகம் அவள் கண்டதில்லை.

வசந்தம் வந்தது, வினையும் வந்தது. அவர்கள் ஊரான பீர் ஸமான் இருப்பது தூனிசிய நாட்டின் மூக்கு நுனியில். தெற்கிலிருந்து வடக்கே போகிற பறவையெல்லாம் கடலில் இறங்குவதற்கு முன் மூச்சு வாங்கிக்கொள்ளும் கடைசி மேடு அது. அதனால்தான் அங்கே வல்லூறுக்காரர்கள் இருக்கிறார்கள். வசந்தத்தில் வருகிற வல்லூறு ஒன்றைப் பிடித்து, பழக்கி, காடை வேட்டையாடிவிட்டு, பருவம் முடிந்ததும் பறக்கவிட்டுவிடுவார்கள். ஆளுக்கு ஒரு வல்லூறு, அதற்கு உரிமம். லம்ஜத்தின் அப்பன் வல்லூறுக்காரன், பாட்டன் வல்லூறுக்காரன். மிளகாயும் நிலக்கடலையும் பயிரிட்டுத்தான் சாப்பிட்டார்கள் என்றாலும், ஊரில் தலை நிமிர்ந்தது வல்லூறால்தான்.

புதிதாகப் பிடித்த வல்லூறைப் பழக்க ஒரே வழிதான் உண்டு. அதைக் கையில் வைத்துக்கொண்டு நாள் முழுவதும் ஜனக்கூட்டத்தில் உட்கார வேண்டும். சத்தத்துக்கும் சிரிப்புக்கும் அது பழக வேண்டும். ஆகையால் லம்ஜத் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அம்மாரின் தேநீர்க் கடையில் உட்கார்ந்தே தீரவேண்டும். அம்மாரும் வல்லூறுக்காரன், போதாக்குறைக்கு நாக்கு நீளம். வசீலாவின் ஜன்னலில் முதல் காடை மோதிச் செத்த செய்தி வந்த அன்றே அவன் வாய்க்கு அவல் கிடைத்துவிட்டது. லம்ஜத்துக்கு ரெண்டு வல்லூறு, ஒண்ணு கையில, ஒண்ணு மாடியில, ரெண்டாவதுக்கு உரிமம் எடுத்தானா என்று கேட்டான். மாடியில இருக்கறது இவன் கையில இருக்கறதைவிட நல்லா வேட்டையாடுதாமே என்றான். மோதிச் செத்ததை அறுத்துத் தின்னவும் வழியில்லை, பூனைக்குப் போடவா வேட்டை என்றும் கேட்டான். லம்ஜத் எழுந்து வர முடியாமல், வல்லூறைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வல்லூறு நன்றாகப் பழகிவிட்டது. அவனுக்குத்தான் பழகவில்லை.

"வெள்ளிக்கிழமைக்குள்ள மோதறது நின்னுச்சுன்னா?" என்று வசீலா வாசலில் நின்றவனிடம் கேட்டாள்.

"நின்னா வேற பேச்சு," என்றான் லம்ஜத். பிறகு கொஞ்சம் இறங்கி வந்து, சங்கத்துக் கண்ணாடியில் இருப்பதுபோல ஒரு வல்லூறு வரைந்தால் நிற்கும் என்றான்.

ஊர் மேட்டில் வல்லூறுக்காரர் சங்கத்துக்கு ஒரு கட்டடம் உண்டு. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, அதில் சிறகு விரித்த கறுப்பு வல்லூறு ஒன்று வரைந்திருக்கும். கட்டி ஆறு வருஷம் ஆகிறது, ஒரு சிட்டுக்குருவிகூட அதில் மோதியதில்லை என்பது சங்கத் தலைவர் துஹாமி அடிக்கடி சொல்கிற பெருமை. வல்லூறைப் பார்த்தால் குருவி ஓடும், இதிலென்ன சந்தேகம்? அந்த ஊரில் கைக்குழந்தையைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லும்.

ஞாயிற்றுக்கிழமை லம்ஜத்தே ஏணி போட்டு ஏறி வரைந்தான். சும்மா சொல்லக்கூடாது, நல்ல கை. வால் பட்டை முதல் கால் நகம்வரை ஒன்றும் பிசகவில்லை. திங்கட்கிழமை காலை அதன் சிறகிலிருந்து இரண்டு சாண் தள்ளி ஒரு தகைவிலான் மோதிச் செத்தது. கடையில் பெரிய ஆராய்ச்சி நடந்தது. அலகு சின்னது என்றார் ஒருவர். சிறகு போதாது என்றார் இன்னொருவர். லம்ஜத் திரும்பவும் ஏறி, வல்லூறை இரண்டு மடங்காக்கினான். செவ்வாய்க்கிழமை காலை கொழுத்த காடை ஒன்று நேராக வந்து அந்த வல்லூறின் நெஞ்சிலேயே மோதி விழுந்தது. லம்ஜத்தோட வல்லூறுக்குப் பசியில்லை போல, அதான் காடைக்குப் பயமில்லை என்றான் அம்மார்.

வசீலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் முதல் வாரத்திலேயே உள்பக்கம் திரைச்சீலை போட்டுப் பார்த்துவிட்டாள். அதுவும் பலிக்கவில்லை. ஏன் பலிக்கவில்லை என்பதை இதுவரை யாரும் யோசிக்கவில்லை, தானும் யோசிக்கவில்லை என்று அன்று அவளுக்கு உறைத்தது. எல்லாரும் வீட்டுக்குள்ளிருந்தே ஜன்னலைப் பார்க்கிறோம், பறவை வெளியிலிருந்தல்லவா வருகிறது என்று நினைத்தாள். வெளியே போய்க் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, மாடியை அண்ணாந்து பார்த்தாள்.

அங்கே ஜன்னல் இல்லை. ஆகாயம் இருந்தது. மேகம் நகர்ந்தது. அத்திமரத்தின் உச்சிக் கிளைகள் ஆடின. நடுவே ஒரு கறுப்பு வல்லூறு அசையாமல் நின்றது. நகராத வல்லூறைப் பார்த்து எந்தப் பறவை பயப்படும்? பயந்தாலும் என்ன செய்யும்? பக்கத்தில் இத்தனை பெரிய ஆகாயம் திறந்து கிடக்கிறதே, அதற்குள் ஒதுங்கத்தான் பார்க்கும். செத்த பன்னிரண்டும், பிறகு செத்த இரண்டும், முட்டாள்தனத்தால் சாகவில்லை என்று அவளுக்குப் புரிந்தது. பொய் சொன்னது அவளுடைய கண்ணாடி.

எதைக் கண்டால் பறவை உள்ளே நுழையாது என்று யோசித்தாள். அவளுக்கு நினைவு வந்தது, வேறெதுவுமில்லை, அவள் வெறுத்த அந்தக் குளிர் அறைதான். அதன் வாசலில் மேலிருந்து கீழே பட்டை பட்டையாகப் பிளாஸ்டிக் தொங்கும். ஆலையின் கூரையில் தகைவிலான் கூடுகள் கொத்துக்கொத்தாக உண்டு. தட்டுமுட்டு அறை, எழுத்தர் அறை எல்லாவற்றுக்குள்ளும் நுழைந்து வெளியேறுகிற அந்தக் குருவிகள், பன்னிரண்டு வருஷத்தில் ஒருநாளும் அந்தப் பட்டைகளுக்கு நடுவே நுழைந்ததில்லை. அவற்றுக்கு அது வழியாகத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

வீட்டில் பிளாஸ்டிக் பட்டை இல்லை. மிளகாய் கோர்க்கிற வெள்ளை நூல்கயிறு இருந்தது. புரட்டாசி வெயிலில் சுவர் முழுக்கச் சிவப்பு மாலைகளாகத் தொங்கவிடுவார்களே, அதே கயிறு. செவ்வாய் சாயங்காலம் லம்ஜத்தின் ஓவியத்தைச் சுரண்டித் துடைத்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே, மேற்கட்டையிலிருந்து அடிக்கட்டைவரை, சாணுக்கு ஒன்றாகக் கயிறு கட்டினாள். புதன்கிழமை விடிந்ததும் ஒரு கதிர்க்குருவி, கட்டைவிரல் பருமன்கூட இல்லாதது, இரண்டு கயிற்றுக்கு நடுவே சரியாகப் புகுந்து மோதிச் செத்தது.

அதைக் கையில் வைத்துக்கொண்டு வசீலா கொஞ்ச நேரம் அழுதாள். அழுது முடித்ததும் செத்த பறவையின் சிறகை விரித்து, தன் விரல்களால் அளந்தாள். பறவை எத்தனை சின்னதோ அத்தனை சின்ன வழியும் அதற்கு வழிதான். சாண் போதாது, நாலு விரல் வேண்டும். வீட்டிலிருந்த கயிறு தீர்ந்தது. பக்கத்து வீடுகளில் கேட்டு வாங்கினாள். ஏப்ரல் மாசத்தில என்ன மிளகாய் காயப்போடற என்று கேட்டவர்களுக்கு, இது வேற மிளகாய், உங்க வாய்க்கு உறைக்காது என்று சொல்லிக்கொண்டே வாங்கினாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் ஜன்னல் முழுவதும் நாலு விரலுக்கு ஒரு கயிறாகக் கட்டி முடித்துவிட்டாள். விரல் நுனிகள் எரிந்தன. உள்ளே வந்து உட்கார்ந்து பார்த்தாள். கடல் அப்படியே இருந்தது. கொஞ்ச நேரத்தில் கயிறுகள் கண்ணுக்குப் படாமலே போயின.

வியாழக்கிழமை தெற்குக் காற்று அடித்தது. பறவைகளுக்கு அதைவிட நல்ல காற்று கிடையாது. விடியலிலிருந்து அவள் கண்கொத்திப் பாம்பாக ஜன்னலையே பார்த்துக்கொண்டு வெளியே நின்றாள். பஞ்சுருட்டான்கள் கூட்டமாக வந்தன. நேராக ஜன்னலை நோக்கி வந்தன. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஒரு ஆள் நீளத் தூரத்தில் அத்தனையும் சடாரென்று எழும்பிக் கூரைக்கு மேலே போய்விட்டன. மத்தியானம்வரை ஒன்றுகூட மோதவில்லை. சாயங்காலம்வரையும் மோதவில்லை.

லம்ஜத் வந்தபோது ஓடிப்போய், நாலு விரலுக்கு ஒரு கயிறு கட்டியதில் ஒன்றுகூட மோதவில்லை என்று சொன்னாள். அவன் முகம் கடையிலேயே கெட்டுப்போயிருந்தது. வல்லூறுக்காரன் வீட்டில் குருவியை விரட்ட வல்லூறு போதவில்லையாம், மிளகாய்க் கயிறு வேண்டியிருக்கிறதாம் என்று அன்றைக்குப் பேச்சு. சங்கத்துக் கண்ணாடியில் வல்லூறு வேலை செய்கிறது, இங்கே செய்யவில்லை என்றால் கோளாறு இந்த வீட்டில்தான் என்று துஹாமியே சொல்லிவிட்டாராம். ஒருநாள் மோதாதது ஒரு கணக்கா, காற்று வாகு அப்படி என்று லம்ஜத் சொன்னான்.

"நின்னா வேற பேச்சுன்னு சொன்னியே, மனுஷா."

"சொன்னேன். நீ அந்தக் கடையில ஒருநாள் உக்காந்து பாரு, அப்புறம் கேளு," என்று சொல்லிவிட்டு அவன் வல்லூறைக் கூட்டில் விடப் போனான். செங்கல் முற்றத்தில் அடுக்கியே கிடந்தது.

வசீலாவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஆனாலும் அவன்மேல் முழுக்கக் கோபப்படவும் முடியவில்லை. அந்த நேரத்தில்தான் ஷத்லியா வந்தாள். நாலு வீடு தள்ளி இருப்பவள், சங்கக் கட்டடத்தைக் கூட்டிப் பெருக்குகிறவள், அதிகம் பேசாதவள். வந்தவள் வீட்டுக்குள் வராமல் வெளியே நின்று கயிறுகளையே பார்த்தாள். நெசமாவே ஒண்ணுகூட மோதலியா என்று கேட்டாள். ஒண்ணுகூட இல்ல என்றாள் வசீலா. இத்தனூண்டு குருவிகூடவா என்று மறுபடி கேட்டாள். அவள் கேட்ட விதம் சரியில்லை. ஊர் வம்புக்காகக் கேட்டது மாதிரி இல்லை, மருந்துக் கடையில் கேட்பது மாதிரி இருந்தது. வசீலா அவளை உற்றுப் பார்த்தாள்.

"அக்கா, வசந்தம் வந்தா சங்கத்துல தினமும் எட்டு, பத்து கூட்டறேன்," என்றாள் ஷத்லியா. "ஆறு வருஷமா."

எல்லாம் மெல்ல வெளியே வந்தது. கட்டடம் திறந்த முதல் வசந்தத்திலேயே அவள் துஹாமியிடம் சொன்னாளாம். அவர் சிரித்தாராம். வல்லூறு இருக்கற கண்ணாடியில குருவி மோதுமா, பூனை கொண்டுவந்து போட்டிருக்கும், ஆளுங்க வர்றதுக்கு முன்ன கூட்டிச் சுத்தமா வை என்றாராம். அவளும் சுத்தமாக வைத்தாள். பெரும்பாலும் மோதுவது பொழுது விடிகிற நேரத்தில்; வெளிச்சம் நன்றாக வருவதற்குள் கூட்டி, சாக்கில் கட்டி, பள்ளத்தில் கொட்டிவிடுவாள். அந்தச் சுத்தத்தைத்தான் துஹாமி ஆறு வருஷமாகப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வசீலா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். உன்னை யாரிடமும் வாய் திறக்கச் சொல்ல மாட்டேன், உன் வேலைக்கு உலை வைக்க மாட்டேன் என்றாள்.

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் அரைமணி நேரம் லேட்டா கூட்டு. அது போதும்."

ஷத்லியா யோசித்தாள். "உடம்பு சரியில்லாதபோதுகூட ஒருநாளும் லேட்டானதில்ல நான்," என்று சொல்லிவிட்டுப் போனாள். சரி என்றாளா மாட்டேன் என்றாளா என்பது வசீலாவுக்கு விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடியலில் வல்லூறுக்காரர்கள் சங்கத்தின் முன்னால் கூடி, அங்கிருந்து வேட்டைக்குக் கிளம்புவது வழக்கம். லம்ஜத் கிளம்பியபோது வசீலாவும் தலைத்துணியைப் போட்டுக்கொண்டு கூடக் கிளம்பினாள். நீ எதுக்கு என்று கேட்டான். சுவர் எழும்பறதுக்கு முன்ன உங்க வல்லூறுப் படத்தை ஒருதரம் கிட்டப் போய்ப் பார்க்கணும் என்றாள். இருவரும் மேடு ஏறினார்கள். ஷத்லியா கூட்டி முடித்திருந்தால் தன் பாடு முடிந்தது என்று அவளுக்குத் தெரியும். அப்படியே ஆனாலும் செங்கல்லுக்கும் ஜன்னலுக்கும் நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவது, யார் வந்து இழுத்தாலும் எழுந்திருப்பதில்லை என்றும் முடிவு செய்து வைத்திருந்தாள்.

மேலே துஹாமியும் அம்மாரும் இன்னும் இரண்டு பேரும் கையில் வல்லூறோடு நின்றிருந்தார்கள். கண்ணாடிக்கு முன்னால் தளம் முழுவதும் பறவைகள் கிடந்தன. தகைவிலான் மூன்று, காடை இரண்டு, ஒரு பஞ்சுருட்டான், பெயர் தெரியாத சின்னஞ்சிறுசுகள் ஐந்தாறு. சுவரோரம் ஷத்லியா துடைப்பத்தோடு நின்றாள். துடைப்பம் தரையில் படவில்லை.

"பூனை," என்றார் துஹாமி. குரலில் வலு இல்லை.

"பூனை இல்ல, ஐயா," என்றாள் ஷத்லியா. "தினமும் இப்படித்தான். நான்தான் கூட்டிக் கொட்டறேன்."

வசீலா சொல்ல நிறைய வைத்திருந்தாள், ஆனால் அதற்குள் லம்ஜத் நடக்கத் தொடங்கிவிட்டான். வரைந்த வல்லூறின் நகங்களுக்கு நேர் கீழே, மற்றவற்றிலிருந்து கொஞ்சம் தள்ளி, பழுப்பாக ஒன்று கிடந்தது. வல்லூறு. பெண் வல்லூறு, முழுதாக வளர்ந்தது. குருவியைத் துரத்திக்கொண்டு வந்திருக்கும். ஆகாயத்தைக் கண்டு ஆகாயத்துக்குள் பாய்ந்திருக்கும்.

லம்ஜத் தன் கையிலிருந்த வல்லூறை, யாரிடம் கொடுக்கிறோம் என்று பார்க்காமலே, அம்மாரிடம் கொடுத்தான். அம்மார் வாங்கிக்கொண்டான். லம்ஜத் குனிந்து செத்த வல்லூறை எடுத்தான். பிரிந்து கிடந்த சிறகை மடக்கி உடம்போடு சேர்த்தான். தலை கையிலிருந்து தொங்கியது. அதையும் தாங்கிப் பிடித்துக்கொண்டான். அவன் அப்பன் செத்த அன்றுகூட வசீலா அவனை இப்படிப் பார்த்ததில்லை. ஜெயித்த சந்தோஷம் அவளுக்கு வரவில்லை. அவன் பக்கத்தில் போய் நிற்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது, போய் நின்றாள்.

"முந்திர் கொத்தனார்கிட்ட ஆள் அனுப்பு," என்றான் லம்ஜத் அம்மாரிடம், திரும்பாமலே. "செங்கல் வேலை இல்ல. உயரமான ஏணியை மட்டும் இங்க எடுத்துட்டு வரச் சொல்லு."

லம்ஜத் செத்த வல்லூறைத் துஹாமியின் காலடியில் மெதுவாக வைத்துவிட்டு, வசீலா பக்கம் திரும்பினான்.

"எத்தனை விரல்னு சொன்ன?"

"நாலு."

"உன் விரலா, என் விரலா?"

"என்னோடது," என்றாள் வசீலா.

அவன் அவள் கையைப் பிடித்து எடுத்து, கண்ணாடியின் ஓரத்தில் விரல்களைச் சேர்த்துப் பதித்தான். சுண்டுவிரலை ஒட்டித் தன் கட்டைவிரலை ஊன்றிக்கொண்டு, அவள் கையைத் தூக்கி அடுத்த இடத்தில் வைத்தான். அப்படியே ஒன்று, இரண்டு என்று அளந்துகொண்டு, அந்தக் கண்ணாடியின் மறுகோடிவரை அவளைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனான்.